யூதராகப் பிறந்தவருக்கு எபிரேய எழுத்து தெரியாமல் இருக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு 52 வயது. பிறப்பால் யூதர். புதன்கிழமை தோறும் வேலை முடிந்ததும் நேராக ஜெப ஆலயத்துக்கு எபிரேய எழுத்து படிக்கப் போகிறார். யூதருக்கு எபிரேயம் தெரியாதா? இந்த வயதில் எதற்காகப் படிக்கிறார்கள்? இஸ்ரேலில் பேசுவதும் இதுவும் ஒரே மொழியா? யூதரல்லாத நானும் அந்த வகுப்பில் உட்காரலாமா?"

எனக்கு இந்த விஷயம் எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் வேதாகம எபிரேயம் படித்தேன். பிறகு வேலைக்காக நியூஜெர்சி போனபோது, வீட்டுக்குப் பக்கத்து ஜெப ஆலயத்தில் அனுமதி கேட்டு, நான்கு வருடம் இதே போன்ற ஒரு புதன்கிழமை வகுப்பில் உட்கார்ந்தேன். கல்லூரியில் படித்ததும் அங்கே படித்ததும் ஒரே மொழிதான், ஆனால் படித்த விதம் முற்றிலும் வேறு. உங்கள் கேள்விகளில் பாதிக்கான விடை அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், தெரியாமல் இருக்கும். அது இன்று நேற்று வந்த நிலையும் இல்லை. நெகேமியாவின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில், தண்ணீர் வாசலுக்கு முன்னால் வேத அறிஞர் எஸ்றா மரத்தால் செய்த மேடையில் நின்று, ஆண்களும் பெண்களும் கூடியிருந்த சபைக்குத் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, வாசிக்கிறார். வாசித்தால் மட்டும் போதவில்லை. ஆலயப் பணி செய்யும் லேவியர் கூட இருந்து அர்த்தம் சொல்லி விளங்க வைக்கிறார்கள். பாபிலோனிலிருந்து திரும்பிய காலத்தில் அரமேய மொழி மக்கள் வாயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அலெக்சாந்திரியாவில் கிரேக்கம், பாக்தாதில் அரபி, கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களிடம் லதீனோ, நமக்குப் பக்கத்தில் கொச்சியில் மலையாளம். கொச்சி யூதப் பெண்கள் பாடிய கல்யாணப் பாட்டுகள் மலையாளத்தில்தான் இருக்கின்றன. தாய்மொழியாக வீட்டில் பேசும் வழக்கம் கி.பி. 200 வாக்கில் நின்றுபோயிற்று. அதன்பின் ஏறக்குறைய 1,700 வருடம் எபிரேயம் ஜெபத்திலும் தோரா வாசிப்பிலும் சட்ட விவாதத்திலும் கவிதையிலும் வாழ்ந்தது. தொட்டிலில் கேட்டு வந்த மொழியாக இல்லை, ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து கற்றுக்கொண்ட மொழியாக வந்தது. ஒரு தலைமுறை உட்காரவில்லை என்றால் அந்த வீட்டில் அது அறுந்துவிடும்.

அமெரிக்காவில் அப்படி அறுந்தது. 1880-களிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள் வீட்டில் யித்திஷ் பேசினார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பள்ளி விட்டதும் வாரம் இரண்டு மூன்று மாலை எபிரேய வகுப்புக்குப் பையனை அனுப்புவார்கள். அவன் 13 வயதில் பார் மித்ஸ்வாவுக்கு, அதாவது பெரியவனாகச் சபையில் ஏற்கும் சடங்குக்கு, வாசிக்க வேண்டிய பகுதியை மனப்பாடம் செய்து ஒப்பிப்பான். மறுவாரத்திலிருந்து வகுப்புக்கு வரமாட்டான். பெண் பிள்ளைகளுக்கு அதுகூட இல்லாத வீடுகள் நிறைய. நியூயார்க்கில் 1922 மார்ச் 18 அன்று, ரபி (யூத மதகுரு) மொர்தகாய் கப்லான் தன் மகள் ஜூடித்தைச் சபைக்கு முன்னால் எழுப்பி வாசிக்க வைத்தார். அமெரிக்காவின் முதல் பாத் மித்ஸ்வா, அதாவது பெண் பிள்ளைக்கு நடக்கும் அதே சடங்கு, என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்போதும் அந்தச் சிறுமி தோராச் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். அந்த வழக்கம் ஊரெங்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று பெரியவர்கள் வகுப்பில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பெண்கள் அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். அண்ணனும் தம்பியும் மேடை ஏறியதைக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். 2013-ல் அமெரிக்க யூதர்களிடம் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், எபிரேய எழுத்துகள் தெரியும் என்றவர்கள் 52 சதவீதம். வாசிப்பதில் பெரும்பகுதி புரியும் என்றவர்கள் 13 சதவீதம் மட்டுமே. உங்கள் தோழி தனி ஆள் இல்லை.

இந்த வயதில் எதற்காக என்று கேட்டீர்கள். பேரப்பிள்ளையின் பார் மித்ஸ்வா நெருங்குகிறது, தானும் ஒரு வரியாவது வாசிக்க வேண்டும் என்று வருபவர்கள் உண்டு. யூதரை மணந்து மதம் மாற நினைப்பவர்கள் உண்டு. பதின்மூன்று வயதில் கிடைக்காத சடங்கை இப்போது செய்துகொள்ள, பத்துப் பேராகச் சேர்ந்து ஒன்றரை இரண்டு வருடம் படித்து, ஒரே நாளில் மேடை ஏறுகிறவர்கள் உண்டு. ஆனால் என் வகுப்பில் நான் அதிகம் பார்த்த காரணம் சாவு.

பெற்றவர் இறந்தால் பிள்ளைகள் வழக்கமாக 11 மாதம் கத்தீஷ் சொல்ல வேண்டும். அது தனியாகச் சொல்லும் ஜெபம் இல்லை. பத்துப் பேர் கூடிய சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும், சபை பதில் சொல்லும். எங்கள் வகுப்புக்கு வந்த ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். அம்மா இறந்து மூன்று வாரம். ஆங்கில எழுத்தில் கத்தீஷ் அச்சடித்த ஓர் அட்டையைக் கையில் வைத்திருந்தார். சபையில் எழுந்து நிற்பார். கண் அட்டையை விட்டு நகராது. நடுவில் ஓரிடத்தில் சபை முழுவதும் சேர்ந்து, "யெஹே ஷ்மே ரப்பா மெவாரக்" என்று பதில் குரல் கொடுக்கும். 'அவருடைய மகா நாமம் வாழ்த்தப்படுவதாக' என்று பொருள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவர் வரியைத் தவற விட்டுவிடுவார். எழுத்து கற்று, ஐந்தாவது மாதம் ஜெபப் புத்தகத்தையே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஏழாவது மாதம் புத்தகமும் தேவைப்படவில்லை. அன்று சபை பதில் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தி, பதில் சொல்கிறவர்களின் முகங்களைப் பார்த்தார். அத்தனை மாதமும் தனக்காக யார் யார் பதில் சொன்னார்கள் என்று அன்றுதான் பார்த்தேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கத்தீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது எபிரேயமும் இல்லை, பெரும்பகுதி அரமேயம். கடவுளின் பெயரைப் புகழ்வது மட்டுமே. இதையெல்லாம் அவர் வகுப்பில்தான் தெரிந்துகொண்டார். ஒரு புதன்கிழமை ஆசிரியை பலகையில் கோஃப், தாலெத், ஷின் என்று மூன்று எழுத்து எழுதினார். எபிரேயச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைக்கும். இந்த வேருக்குப் 'புனிதம்', 'தனித்து வைத்தல்' என்று பொருள். வெள்ளி இரவு திராட்சை ரசக் கிண்ணத்தின் மேல் சொல்லும் ஆசி, கித்தூஷ். நின்றுகொண்டே சொல்லும் ஜெபத்தின் உச்சி, கெதுஷா. கல்யாணம், கித்துஷீன். எருசலேமில் இருந்த ஆலயம், மிக்தாஷ். சுருள்களை வைக்கும் பேழை, அரோன் ஹகோதெஷ். துக்கத்தில் சொல்வது, கத்தீஷ். க, த, ஷ எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த மனிதர் தன் அட்டையை எடுத்து முதல் வரியைப் பார்த்தார்: "யித்கதல் வெயித்கதஷ்". இரண்டாவது சொல்லில் அதே மூன்று எழுத்து. சின்ன வயதிலிருந்து அப்பா கையில் கிண்ணம் ஏந்திச் சொன்னதும், இப்போது தான் அம்மாவுக்காகச் சொல்வதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டார். வயதானவர்கள் எழுத்து படிக்கும்போது கிடைப்பது இதுதான். குழந்தைக்கு இந்தச் சொற்கள் வெறும் சொற்கள். பெரியவர்களிடம் அந்தச் சொற்களுக்கான வாழ்க்கை ஏற்கெனவே இருக்கிறது, எழுத்துதான் பாக்கி.

இதைக் கொள்கையாகவே சொன்னவர் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற யூதத் தத்துவ அறிஞர். ஜெர்மனியில் படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளை. 1913-ல் கிறிஸ்தவத்துக்கு மாறும் முடிவுக்கே வந்து, பிறகு யூதராகவே இருப்பது என்று திரும்பியவர். 1920-ல் ஃப்ராங்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கென்று ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். லேர்ஹவுஸ் என்று பெயர். யூதர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த பேத் மித்ராஷ், அதாவது படிப்பு வீடு, அதன் ஜெர்மன் வடிவம் அது. முன்பெல்லாம் தோராவிலிருந்து வாழ்க்கைக்குப் போனார்கள், இனி வாழ்க்கையிலிருந்து தோராவுக்கு வர வேண்டியிருக்கிறது, ஆகவே அந்நியப்பட்டுப் போனவர்களே இந்தப் படிப்புக்குப் பொருத்தமானவர்கள் என்பது அவர் வாதம். மருத்துவரும் வேதியியலாளரும் வகுப்பு எடுத்தார்கள். பின்னாளில் யூத மறைஞான ஆய்வில் பெயர் பெற்ற கெர்ஷோம் ஷோலெம் எருசலேமுக்குக் கப்பல் ஏறுமுன் 1923-ல் அங்கே பாடம் நடத்தினார். ரோசன்ஸ்வைக் நோயில் உடல் முழுவதும் செயலிழந்து 1929-ல் இறந்தார். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்து யூதர்களைப் பொதுக் கல்வியிலிருந்து வெளியேற்றத் தொடங்கியபோது, தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் அந்தக் கூடத்தை மறுபடி திறந்தார். இன்று அமெரிக்காவில் ஒரு சாதாரண ஜெப ஆலயத்தின் அடித்தள அறையில் மடக்கு நாற்காலி போட்டு நடக்கும் வகுப்பில் அந்த ஃப்ராங்ஃபர்ட் எண்ணம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

வேர் அதற்கும் பழையது. பழங்காலத்துப் பெரிய யூத ஆசான் ரபி அகிவா நாற்பது வயது வரை எழுத்தறியாத ஆள். ஒரு கிணற்றடியில் கல் குழிந்திருப்பதைப் பார்த்து, இதைக் குடைந்தது யார் என்று கேட்டார். நாள்தோறும் விழும் தண்ணீர் என்றார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு நேராக எழுத்து சொல்லித்தரும் வாத்தியாரிடம் போனார். பலகையின் ஒரு முனையை அகிவா பிடித்துக்கொண்டார், மறுமுனையை மகன் பிடித்துக்கொண்டான், வாத்தியார் ஆலெஃப், பேத் எழுதிக் கொடுத்தார் என்று பழைய நூல் சொல்கிறது. நான் பார்த்த பெரியவர் வகுப்புகளில் இந்தக் கதை சொல்லப்படாத முதல் நாள் இல்லை.

இனி வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எழுத்து மொத்தம் 22. வலமிருந்து இடம். ஐந்து எழுத்துக்குச் சொல்லின் கடைசியில் வந்தால் வேறு உருவம். உங்களிடம் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆலெப், பேத், கிமெல் என்று எட்டெட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும். 22 எழுத்து, 176 வசனம். அகரவரிசைப் பாட்டு அது. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் அந்தப் பெயர்களை என்னவென்று அறியாமலே எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம்.

தமிழருக்கு எளிதான ஒரு விஷயம் இதில் உண்டு. 'பக்கம்' என்னும்போது க வேறு, 'பகல்' என்னும்போது க வேறு. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. எபிரேயத்திலும் உயிரொலிக்குப் பின்னால் வந்தால் பேத் 'வ' ஆகிவிடும், பே 'ஃப' ஆகிவிடும், காஃப் தொண்டையில் உரசி வரும். வல்லினமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்தின் வயிற்றில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இதில் வாரக்கணக்கில் திண்டாடினார்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் தாலெத்தும் ரேஷும். இரண்டுக்கும் மேலே ஒரு கோடு, வலப்பக்கம் கீழே இறங்கும் ஒரு கோடு. தாலெத்தின் மூலை கூராகச் சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரேஷின் மூலை வளைந்திருக்கும். அவ்வளவே வித்தியாசம். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற வசனம் யூதர்கள் காலையும் மாலையும் சொல்வது. அதில் 'ஒருவர்' என்பதற்கு எஹாத். கடைசி எழுத்து தாலெத். அதை ரேஷ் என்று படித்துவிட்டால் சொல் அஹேர் ஆகிவிடும், 'வேறொருவர்' என்று அர்த்தம். அதனால் தோராச் சுருளில் அந்த ஒரு தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். அதே வசனத்தின் முதல் சொல்லில் உள்ள அயின் எழுத்தும் பெரிது. இரண்டு பெரிய எழுத்தையும் சேர்த்தால் 'ஏத்', சாட்சி. ஆசிரியை இதைச் சொன்ன இரவுக்குப் பிறகு எங்கள் வகுப்பில் யாரும் தாலெத்தைத் தவறாகப் படிக்கவில்லை.

உயிரொலிக் குறிகள் தனிக்கதை. எழுத்துக்குக் கீழும் மேலும் புள்ளியும் கோடுமாக வருபவை. கலிலேயாக் கடற்கரையில் திபேரியா நகரத்து அறிஞர்கள் பல தலைமுறை உழைத்து, பத்தாம் நூற்றாண்டுக்குள் முழுமையாக்கியவை. ஜெபப் புத்தகத்தில் அவை உண்டு. தோராச் சுருளில் இன்றுவரை கிடையாது. நம் ஏட்டுச்சுவடிகளைப் படிக்க முயன்றவர்களுக்கு இது புரியும். புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, பாட்டு தெரிந்தவர்தான் பாட்டை வாசிக்க முடியும். சுருளிலிருந்து வாசிக்கப்போகிறவர் அந்த வாரப் பகுதியைக் குறிகள் உள்ள புத்தகத்தில் வைத்துப் பலமுறை பழகி, ராகத்தோடு நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வருவார். சுருளின் இரு பக்கமும் இரண்டு பேர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு சொல் பிசகினால் எல்லோருக்கும் கேட்கும்படி உடனே திருத்துவார்கள். வாசிப்பவர் திரும்ப அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போவார். முதல் முறை பார்த்தபோது என் மனம் கஷ்டப்பட்டது. 64 வயதில் முதல்முறை சுருளின் முன் நின்ற ஒரு பெண்மணியை மூன்று இடத்தில் திருத்தினார்கள். அவர் முகம் வாடவே இல்லை. எழுதியது பிசகாமல் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவரும் திருத்தியவர்களும் ஒரே கட்சி. 'கூச்சப்படுகிறவன் கற்கமாட்டான், பொறுமையில்லாதவன் கற்பிக்கமாட்டான்' என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கல்லூரிக்கும் ஜெப ஆலயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்ல வேண்டும். கல்லூரியில் நாங்கள் எபிரேயத்தை அகராதியும் இலக்கணமும் கொண்டு, சத்தமில்லாமல் படித்தோம். வினைச்சொல்லைப் பார்த்தால் பால், எண், காலம் எல்லாம் சொல்லிவிடுவேன். முதல் சனிக்கிழமை வழிபாட்டில் நான் ஒரு வரியைப் பொருள் பார்த்து முடிப்பதற்குள் சபை பக்கத்தைத் திருப்பியிருந்தது. பக்கத்து இருக்கை அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். என் புத்தகத்தை வாங்கி, சரியான பக்கத்தைத் திருப்பி, வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்த வரியின் பொருள் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் ஜெபத்துக்குள் இருந்தவர் அவர். மதரசாவில் குர்ஆன் ஓதிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது விளக்காமலே தெரியும். முதலில் நாக்கில் ஏறும், அர்த்தம் பிறகு வரும். அர்த்தம் தெரியாமல் வாசிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த அம்மாவின் விரல்தான்.

அதற்காக அர்த்தத்தை விட்டுவிடுவதில்லை. அதற்கென்று இன்னொரு முறை இருக்கிறது: ஹவ்ருத்தா. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பத்து வரியை உரக்கப் படித்து, வாதாடிப் புரிந்துகொள்வது. ஆசிரியர் மேசை மேசையாக வந்துபோவார், அவ்வளவுதான். என் ஜோடி ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். எங்களுக்கு ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் வந்தது. ஆபிராமிடம் கடவுள் "லெக் லெகா" என்கிறார். முதல் சொல் 'போ'. இரண்டாவது 'உனக்கு'. சுருளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: லாமெத், காஃப், லாமெத், காஃப். குறிகளை எடுத்துவிட்டால் எது போ, எது உனக்கு என்று கண்ணுக்குத் தெரியாது. நம் தமிழ் வேதாகமத்தில் 'புறப்பட்டு... போ' என்று இருக்கிறது, இரண்டாவது சொல் மொழிபெயர்ப்பில் இறங்கவில்லை. அந்த 'உனக்கு' எதற்கு? பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ராஷி, 'உன் நன்மைக்காக, உன் இன்பத்துக்காக' என்று உரை எழுதினார். என் ஜோடி ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டு அதை உன் நன்மைக்கு என்று சொல்வதை நான் ஆஸ்பத்திரியில் நிறையக் கேட்டிருக்கிறேன், போகிறவருக்கு அது அப்படித் தெரியாது என்றார். நாற்பது நிமிடம் இரண்டே சொல்லில் போயிற்று. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் அந்தச் சொல்லை ஓர் இலக்கணக் குறிப்பாகக் கடந்து போயிருந்தேன்.

ஏன் ஜோடி? யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதில் ஹோனி என்பவரின் கதை இருக்கிறது. எழுபது வருடம் தூங்கி எழுந்து படிப்பு வீட்டுக்குள் போகிறார். ஹோனியின் காலத்தில் இருந்ததுபோல இன்று பாடம் தெளிவாக இருக்கிறது என்று உள்ளே பேசிக்கொள்கிறார்கள். நான்தான் ஹோனி என்கிறார். யாரும் நம்பவில்லை. மனம் உடைந்து, உயிரை எடுத்துக்கொள் என்று வேண்டி இறந்துபோகிறார். இதற்குத்தான் 'துணை, இல்லையேல் சாவு' என்று ஜனங்கள் சொல்கிறார்கள் என்று தல்மூத் முடிக்கிறது. ஹவ்ருத்தா என்ற சொல்லே அந்தத் துணைதான்.

வகுப்பு என்றால் எழுத்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதே கட்டடத்தில் காலை ஆறரைக்கு தஃப் யோமி நடக்கும். பாபிலோனியத் தல்மூதில் நாளுக்கு ஓர் ஏடு. மொத்தம் 2,711 ஏடு, ஏழரை வருடம். 1923-ல் வியன்னாவில் ரபி மெய்ர் ஷப்பீரோ முன்வைத்த திட்டம். இப்போதைய சுற்று 2020 ஜனவரி 5-ல் தொடங்கியது. ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே, 'உன்னிடம் திரும்பி வருவோம், நீயும் எங்களிடம் திரும்பி வா' என்று சொல்லி மூடுவார்கள்.

இஸ்ரேலில் பேசுவதும் இதுவும் ஒன்றா? அடிப்படை ஒன்று. சங்கத்தமிழும் இன்றைய தமிழும் போல என்று சொல்லத் தோன்றும், ஆனால் நம் பேச்சு நடுவில் நிற்கவில்லை, அவர்களுடையது நின்றது. 1881-ல் எருசலேமுக்கு வந்த எலியேசர் பென் யெஹூதா, மறு வருடம் பிறந்த தன் மகனிடம் எபிரேயம் மட்டுமே பேசி வளர்த்தார். ஆயிரத்தெழுநூறு வருடம் கழித்து அதைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் குழந்தை அவன் என்பார்கள். புதிய பொருள்களுக்குப் பழைய புத்தகங்களில் சொல் தேடினார்கள். எசேக்கியேல் கண்ட தரிசனத்தில் நெருப்புக்குள் ஒளிர்ந்த 'ஹஷ்மல்' இன்று மின்சாரம். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி' வேதாகமத்தில் மயில் என்றே மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. நம் 'தோகை'யிலிருந்து போன சொல் என்று கால்டுவெல் காலத்திலிருந்து அறிஞர்கள் பலர் சொல்லிவருகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. பேசக் கற்றுத்தரும் வகுப்புக்கு உல்பான் என்று பெயர். புதிதாகக் குடியேறுபவர்களுக்காக 1949-ல் எருசலேமில் தொடங்கிய முறை. உங்கள் தோழி போவது உல்பானா, ஜெப எபிரேயமா என்று கேட்டுப் பாருங்கள். முதலாவதில் 'காபி எவ்வளவு' என்று கேட்கக் கற்பார். இரண்டாவதில் அது வராது. உச்சரிப்பும் மாறியிருக்கிறது. ஓய்வுநாளைத் தாத்தா 'ஷாபெஸ்' என்றார், வகுப்பில் 'ஷபாத்' என்கிறார்கள். எண்பது வயதுக்காரர் ஒருவர் கடைசி வரை ஷாபெஸ் என்றே சொன்னார். ஆசிரியை அவரைத் திருத்தவில்லை, அது சரி என்றே எனக்கும் பட்டது.

நீங்கள் சேரலாமா? சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் என்ற யூதப் பிரிவுகளின் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் சேரலாம். யூதரல்லாத கணவன் மனைவிமார் ஏற்கெனவே வகுப்பில் இருப்பார்கள். மதம் மாற்றப் பார்ப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அவர்கள் ஆள் சேர்ப்பதில்லை, மாற விரும்பி வருகிறவர்களையே ஒரு வருடமாவது படித்துவிட்டு முடிவு செய்யச் சொல்வார்கள். சொல்லாமல் போய் நிற்காதீர்கள். வாசலில் காவல் இருக்கும், தாக்குதல் பயம்தான் காரணம். அலுவலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசி செய்யுங்கள், அல்லது தோழியோடு போங்கள். புது வகுப்புகள் வழக்கமாக ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் பண்டிகைகள் முடிந்ததும் தொடங்கும். அதற்கு முன்னால் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூனில் வரும் ஷவுவோத் பண்டிகை (தோரா கொடுக்கப்பட்டதைக் கொண்டாடும் நாள்) இரவு நல்லது. அன்று இரவு நெடுநேரம், சில இடங்களில் விடிய விடிய, எல்லோரும் உட்கார்ந்து படிப்பார்கள். ஆண் என்றால் வாசலில் ஒரு கூடையில் குல்லா இருக்கும், ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை தோரா வகுப்புக்குப் போனால் நோட்டும் பேனாவும் போனும் பையிலேயே இருக்கட்டும். ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்ற விதியைப் பல சபைகள் கடைப்பிடிக்கின்றன. வழிபாட்டில் தோரா வாசிப்புக்கு மேடைக்கு அழைக்கும் மரியாதை யூதருக்கு மட்டும், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று. நான்கு எழுத்துள்ள கடவுளின் பெயர் பாடத்தாளில் வரும். அதை எழுதியிருப்பதுபோல யாரும் வாசிப்பதில்லை. ஜெபத்தில் அதோனாய் என்பார்கள், வகுப்பில் பழகும்போது பலர் ஹஷேம், 'அந்த நாமம்' என்று மட்டும் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அந்தப் பெயர் அச்சான தாள் கிழிந்தாலும் தேவையில்லாமல் போனாலும் குப்பையில் போடமாட்டார்கள். அறையின் மூலையில் ஒரு பெட்டி இருக்கும், கெனிஸா என்று பெயர். நிறைந்ததும் மண்ணில் புதைப்பார்கள். கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிப் புதைக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த தாள்களை 1896-97-ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார், 1,90,000 துண்டுகளுக்கு மேல். மலபார்க் கரையில் வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யீஜுவின் 12-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் அதில் இருந்தன. சிறுவர்கள் ஆலெஃப் பேத் எழுதிப் பழகிய தாள்களும் அவற்றோடு கிடைத்தன. உங்கள் பாடத்தாளைக் கசக்க வேண்டாம், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.